பல் விழுந்ததற்கெல்லாம் கேக் வெட்ட வேண்டுமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். வயது 36. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். ஷிப்மென்ட் நெருக்கினால் இன்னும் தாமதம். ஞாயிறு மட்டும்தான் வீடு. அதிலும் பாதிநாள் தூங்கிவிடுகிறேன்.

எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் ஒன்றாம் வகுப்பு. இளையவளுக்கு மூன்றரை வயது, வருகிற ஜூனில் எல்கேஜி போகிறாள். என் மனைவி எதையும் கொண்டாடிவிடுவாள். சின்னவள் செருப்பை இடம் வலம் மாற்றாமல் போட்டால் வீடே கைதட்ட வேண்டும். மொட்டை மாடித் தொட்டியில் போட்ட வெண்டை விதை முளைத்தால் அன்றைக்குக் கேசரி. பெரியவள் பஸ் போர்டில் ‘அவிநாசி’ என்று எழுத்துக்கூட்டிப் படித்ததற்கு அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் கடலை மிட்டாய். எல்லாவற்றையும் போனில் எடுத்து எனக்கு அனுப்புவாள், ஸ்டேட்டஸிலும் வைப்பாள். நான் வேலைக்கு நடுவில் பார்த்துக் கட்டைவிரல் போட்டு அனுப்புவேன்.

போன மாதம் பெரியவளுக்கு முதல் பல் விழுந்தது. நான் வந்து சேர்வதற்குள் அரை கிலோ கேக் வெட்டி முடித்திருந்தார்கள். கேக் மேல் பல் மாதிரி ஒரு வெள்ளை கிரீம். அலைச்சலில் வந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “பல்லு விழுந்ததுக்கெல்லாமா கேக்கு?” என்று கேட்டுவிட்டேன். மனைவி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அது பரவாயில்லை. பெரியவள் மறுநாள் முழுக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள்.

என் அம்மாவுக்கும் இதெல்லாம் பிடிப்பதில்லை. “ரெண்டும் பொட்டப்புள்ள. இப்பவே இப்படித் தூக்கி வெச்சு ஆடுனா, போற எடத்துல எப்படி அடங்கி இருக்கும்? கண்ணு வேற பட்டுரும்” என்கிறார். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கும் ஒரு பயம் உண்டு. வெளியே யாரும் இவர்களுக்குக் கைதட்டப் போவதில்லை. நாளைக்கு ஒரு தோல்வி வந்தால் தாங்குவார்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதெல்லாம் செய்யத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் நான் நல்ல மார்க் வாங்கி வந்தபோது என் அப்பா “ம்” என்றார், அவ்வளவுதான். நான் நின்று கைதட்டினால் எனக்கே நடிப்பது போல இருக்கிறது. போன வாரம் சின்னவள் தானாகச் சட்டைப் பட்டன் போட்டுக் காட்ட என்னிடம் ஓடி வந்தாள். பெரியவள், “அப்பாவுக்குக் காட்ட வேண்டாம். அவர் வீடியோ பாத்துட்டாரு” என்றாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கெல்லாம் அளவு என்று ஒன்று இருக்கிறதா? நான் என்னதான் செய்வது?

— ஒரு தந்தை, திருப்பூர்

•

அன்புள்ள நண்பருக்கு,

கேக் கதையை அப்புறம் பார்க்கலாம். “அவர் வீடியோ பாத்துட்டாரு” என்று உங்கள் மூத்த மகள் சொன்னாளே, அதை முதலில் எடுத்துக்கொள்வோம். அவள் கோபத்தில் ஒதுக்கிவிட்டதாக நினைத்து நீங்கள் நொந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாதவரிடம்தானே ஒரு சேதியைச் சொல்ல முடியும்? அப்பாவுக்குத்தான் மத்தியானமே தெரிந்துவிட்டதே, இனி எதற்குத் தங்கை காட்ட வேண்டும்? ஆறு வயதுக் கணக்கில் இது ரொம்பச் சரி.

அதனால் நான் சொல்லும் முதல் வேலை உங்களுக்கில்லை, உங்கள் மனைவிக்கு. வேலை நேரத்தில் அந்த வீடியோக்களை உங்களுக்கு அனுப்ப வேண்டாம். எடுக்கட்டும், வைத்துக்கொள்ளட்டும். ஆனால் சேதி மட்டும் நீங்கள் வரும்வரை காத்திருக்கட்டும். பகல் முழுக்க வீட்டில் இல்லாததைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். குறைதான். ஆனாலும் அந்த வீட்டில் நடந்தது எதுவும் தெரியாத ஒரே ஆள் நீங்கள். சொல்வதற்கு இப்படி ஓர் ஆள் கிடைப்பது குழந்தைகளுக்குப் பெரிய விஷயம்.

நல்ல சேதி சொல்கிறவருக்கு எதிராளி எப்படிப் பதில் தருகிறார் என்பதை ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். காதலர்களையும் தம்பதிகளையும் வைத்து நடந்த ஆய்வு அது. பதில்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஆர்வமாக விசாரிப்பது, “சரி, நல்லது” என்று அமைதியாக முடித்துவிடுவது, அதில் ஒரு குறை கண்டுபிடிப்பது, காதிலேயே வாங்காதது. இவற்றில் முதல் வகைதான் உறவில் நெருக்கத்தோடு சேர்ந்து வந்தது. இரண்டாவது வகையில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, ஆனால் அது அந்தப் பலனைத் தரவில்லை. நீங்கள் அனுப்பும் கட்டைவிரல் அந்த வகை. “பல்லு விழுந்ததுக்கெல்லாமா?” என்பது மூன்றாவது வகை. பெரியவர்களிடம் கண்டது இது. குழந்தைகளிடமும் இதே போக்கைத்தான் என் ஆலோசனை அறையில் பார்க்கிறேன்.

ஆர்வமாக விசாரிப்பது என்றால் கைதட்டிக் குதிப்பது இல்லை. அது உங்கள் சுபாவம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் போலிக் கைதட்டலைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்கு வேறொரு திறமை இருக்கிறது. கட்டிங் டேபிளில் துணி ஷேடு மாறிவிட்டால் எந்த ரோல், எந்த லாட், யார் விரித்தது, எத்தனை பீஸ் போயிருக்கிறது என்று எப்படித் துருவுவீர்கள்? அதே துருவலைப் பல்லிடம் காட்டுங்கள். மேல் பல்லா, கீழ்ப் பல்லா? ஆடிக்கொண்டிருந்ததா, திடீரென்று விழுந்ததா? சாப்பிடும்போதா? ரத்தம் வந்ததா? அம்மா பயந்தாளா, நீ பயந்தாயா? நாக்கை அந்தச் சந்தில் விட்டுப் பார்த்தாயா, எப்படி இருக்கிறது? இத்தனை கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லை.

இது இன்னும் ஆகவில்லை என்றால் இந்த வாரமே ஆகட்டும். பல் விழுந்து ஒரு மாதம் ஆனால் என்ன? “அன்னைக்கு நான் சரியாவே கேக்கல, இப்பச் சொல்லு” என்று உட்காருங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் முறுக்கிக்கொள்வாள். பரவாயில்லை.

நடந்ததை இப்படி விலாவாரியாகப் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகள் தங்கள் அனுபவத்தை விவரமாகச் சொல்லப் பழகுகிறார்கள் என்று ராபின் ஃபிவுஷ், இலேன் ரீஸ் போன்றவர்கள் பல வருட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் அம்மாக்களையும் குழந்தைகளையும் வைத்துத்தான் பார்த்தார்கள், அப்பாக்களுக்கு அந்த வேலை கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் சின்னவளுக்குப் பட்டன் போட்ட நாள் பிற்பாடு நினைவில் இருக்கப் போவதில்லை. நம்மில் பலருக்கும் மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய எதுவும் நினைவில் தங்குவதில்லை. ஆனால் ‘நான் சொன்னால் அப்பா கேட்பார்’ என்பது பழக்கமாகத் தங்கும். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்கிறான், டியூஷனில் ஒரு சங்கடம். வீட்டில் சொன்னாயா என்று கேட்டால், “அப்பாகிட்டயா? அவர்கிட்ட நான் எதுவுமே சொன்னதில்லையே” என்பார்கள். பல் விழுந்த கதையைக் கேட்டுவிட்டால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பழகாத வாய் பதினைந்து வயதில் திடீரென்று திறப்பதும் கடினம்.

அடுத்தது, கெட்டுப்போய்விடுவார்களோ என்ற பயம். பாராட்டுவதும் கொண்டாடுவதும் ஒன்றில்லை. 1998-ல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சில சோதனைகள் செய்தார்கள். “நீ புத்திசாலி” என்று பாராட்டப்பட்டவர்கள், அடுத்து கஷ்டமான புதிர்களில் தடுமாறியதும் ஆர்வம் இழந்தார்கள். முயற்சியைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் அவ்வளவாகச் சோர்ந்துபோகவில்லை. நீங்கள் பயப்படும் ஆபத்து, “நீதான் பெஸ்ட், உன்னை மாதிரி யாருமில்லை” என்கிற பட்டங்களில் இருக்கிறது. வெண்டை விதை முளைத்ததற்குக் கேசரி கிளறுவதில் யாருக்கும் பட்டம் கிடையாது. பல் விழுவதற்கு யாரும் திறமைசாலியாக இருக்க வேண்டியதில்லை. அது நடந்தது, எல்லோரும் சேர்ந்து பார்த்தோம், இனிப்புச் சாப்பிட்டோம், அவ்வளவே. இதில் கெடுவதற்கு ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் அம்மா. கண்ணு படும் என்பதைச் சண்டையாக்க வேண்டாம். திருஷ்டி சுற்றிப் போட அவரையே கூப்பிடுங்கள். உங்கள் முதல் பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தாரா என்றும் பேத்திகள் முன்னால் கேட்டுப் பாருங்கள். எறிந்திருந்தால் அந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க மாட்டார். குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, பல் முளைத்தால் கொழுக்கட்டை என்று கொண்டாடியவர்கள்தானே நாம். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தை தலை நிமிர்த்தி ஆடியதற்குச் செங்கீரைப் பருவம், கைதட்டியதற்குச் சப்பாணிப் பருவம், நிலாவைக் கூப்பிட்டதற்கு அம்புலிப் பருவம் என்று தனித்தனியாகப் பாடி வைத்தார்கள். உங்கள் மனைவி செய்வதை நாகரிகக் கூத்து என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். கேக் வேண்டுமானால் புதுசு.

ஆனால் பெண் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. கொழுக்கட்டைக்கும் காதுகுத்துக்கும் பிறகு, பிறந்த நாளை விட்டால், ஊரைக் கூட்டி நாம் அவளைக் கொண்டாடுவது அவள் பெரியவளாகும்போதுதான். பந்தல், சீர்வரிசை, பிளக்ஸ் பேனர் எல்லாம் வரும். நடுவில் அவள் படித்த பஸ் போர்டு, நட்ட செடி, கற்ற சைக்கிள் எதுவும் கணக்கில் வராது. அந்த இடைவெளியை உங்கள் மனைவி நிரப்பிக்கொண்டிருக்கிறார். அதனால் “ரெண்டும் பொட்டப்புள்ள” என்ற பேச்சு பிள்ளைகள் காதில் விழக்கூடாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த ஊர்ப்பக்கம் நம்முடையது. அந்தப் பேச்சு சாதாரணமானது இல்லை. மனைவி சொன்னால் அது மாமியார் மருமகள் தகராறாகிவிடும். நீங்கள்தான் சொல்ல வேண்டும். தனியாகக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், “அம்மா, இதை மட்டும் புள்ளைங்க முன்னாடி சொல்லாதீங்க” என்றால் போதும். விளக்கம் வேண்டாம்.

மனைவியிடம் பேச ஒரு விஷயம் இருக்கிறது. கேக்கைப் பற்றி இல்லை. வீட்டுக் கணக்கு தாங்கினால் எப்போதாவது கேக் வாங்கட்டும், கேசரி எனக்குக் கேக்கைவிட மேல். ஸ்டேட்டஸ்தான் எனக்கு உதைக்கிறது. விதை முளைத்ததும் தொட்டியைப் பார்க்காமல் போனைப் பார்த்துச் சிரிக்கக் குழந்தைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். “எத்தனை பேர் பாத்தாங்க?” என்று பெரியவள் கேட்க ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். படம் போடும் முன் அவளிடம் “போடலாமா?” என்று கேட்பதை ஒரு வழக்கமாக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். இதைக் குற்றச்சாட்டாக ஆரம்பிக்காதீர்கள். நாள் முழுக்க இரண்டு குழந்தைகளோடு இருப்பவருக்கு அந்த ஸ்டேட்டஸ் வெளியாட்களோடு பேசும் ஜன்னலாகவும் இருக்கலாம். முதலில் அவருடைய நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள்.

நேரம் இல்லை என்கிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சின்னவள் தூங்கியிருப்பாள், தெரியும். அப்படியானால் காலையைப் பிடியுங்கள். மனைவி அடுப்படியில் இருக்கும்போது பெரியவளுக்குத் தலை பின்னுவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கஷ்டமில்லை. கொஞ்சம் எண்ணெய், பல் அகலமான சீப்பு. உச்சியிலிருந்து இழுத்தால் அலறுவாள். நுனியில் சிக்கெடுத்துவிட்டு மெதுவாக மேலே ஏற வேண்டும். முடியின் நடுப்பகுதியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வேரில் வலிக்காது. நடு வகிடு, இரண்டு பக்கமும் மும்மூன்று கால், ரிப்பனை மடித்துக் கட்டுங்கள். முதல் வாரம் ஒன்று மேலே, ஒன்று கீழே என்றுதான் நிற்கும். அந்தப் பத்து நிமிடம் அவளால் எங்கும் ஓட முடியாது, உங்களாலும் போனை எடுக்க முடியாது. முகம் பார்க்காமல் பேசுவது சில குழந்தைகளுக்குச் சுலபம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

இதெல்லாம் செய்தும் பெரியவள் பேசும்போது வாயைப் பொத்துவதை விடவில்லை என்றால், வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா என்று ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் நீங்களே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சின்னவள் ஜூனில் எல்கேஜி போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் காலைக்கு அரை நாள் பர்மிஷன் இப்போதே சொல்லி வையுங்கள், அன்றைக்கு எந்த ஷிப்மென்ட் இருந்தாலும் சரி. வாசல்வரை நீங்கள் கூட்டிப் போங்கள். மத்தியானம் திரும்பி வந்ததும் நடந்ததை யாரும் அவளிடம் முழுசாகக் கேட்டு முடித்துவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அன்றைக்கு அவளை மதியம் கொஞ்சம் தூங்க வைத்தால் ஒன்பது மணிவரை தாங்குவாள்.