நகரத்து வானில் வேட்டைப் பறவைகள்

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். பெரிய பறவையொன்று அவ்வப்போது உயரத்தில் வட்டமிடுகிறது. நகரத்தின் நடுவே வேட்டைப் பறவைகள் எவ்வாறு பிழைக்கின்றன? அவற்றை முறையாகக் கவனிப்பது எப்படி?

பதில்: புறாவும் எலியும் ஆண்டு முழுவதும் கிடைக்கும் இடத்தை வேட்டைப் பறவைகள் எளிதில் விட்டுவிடுவதில்லை. செங்குத்தான பாறைகளில் முட்டையிடும் பொரி வல்லூறு, உயர்ந்த கட்டடங்களின் விளிம்புகளையும் பாறையாகவே பயன்படுத்திக்கொள்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் இரையின்மீது பாயும் இப்பறவை, டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டையின் ஓடு மெலிந்து பல நாடுகளில் அருகிப்போய், அம்மருந்து தடைசெய்யப்பட்ட பின் (அமெரிக்காவில் 1972இல்) மெல்ல மீண்டபோது, நகரங்களிலும் பரவலாகக் குடியேறியது.

கவனிப்பதற்கு வெயில் ஏறத் தொடங்கும் முற்பகல் ஏற்ற நேரம். தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழும்போது பருந்துகள் சிறகடிக்காமலே அதில் ஏறி வட்டமிடும். நிறத்தை நம்ப வேண்டாம். ஒளி நிறைந்த வானத்தின் பின்னணியில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். வாலையும் சிறகையும் பாருங்கள்: நடுவே பிளவுபட்ட வால் கரும்பருந்தையும், கூர்நுனிச் சிறகு பொரி வல்லூற்றையும் இனங்காட்ட உதவும். காகங்களைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை என்பேன்; அவை கூடிக் கூச்சலிட்டுத் துரத்தும் இடத்தில் பெரும்பாலும் ஒரு பருந்தோ ஆந்தையோ இருக்கும். 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர் போதும். அதைவிட அதிகமானால் கைநடுக்கமும் பெரிதாகும். கூட்டை நெருங்குவதும் அதன்மேல் ட்ரோன் பறக்கவிடுவதும் கூடாது; இடையூறு மிகுந்தால் தாய்ப்பறவை முட்டைகளைக் கைவிட்டுவிடக்கூடும்.