லேப்டாப் ஃபேன் ஏன் நின்றது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எச்.பி. லேப்டாப், வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஆன் செய்ததும் 'சிஸ்டம் ஃபேன் 90பி' என்று எச்சரிக்கை வருகிறது. என்டர் தட்டினால் விண்டோஸ் வந்துவிடுகிறது. ஆனால் அரை மணிக்குள் சூடேறி, மெதுவாகி, தானே அணைந்துவிடுகிறது. கடையில் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: திறந்து பார்க்காமல் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. மதர்போர்டு என்பது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. 90பி என்றால் ஃபேன் சரியாகச் சுற்றுவதாக போர்டுக்குத் தகவல் வரவில்லை என்று பொருள், அவ்வளவுதான். பெரும்பாலான லேப்டாப் ஃபேன்களில் நான்கு ஒயர்கள் உண்டு. ஒன்றில் 5 வோல்ட் கரன்ட், இன்னொன்று கிரவுண்ட், மூன்றாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்க, நான்காவது எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை போர்டுக்குத் திருப்பிச் சொல்ல. அந்த நான்காவது ஒயரில் மட்டும் தொடர்பு விட்டுப்போனாலும், ஃபேன் நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இதே எச்சரிக்கை வரும்.

முதலில் சத்தமில்லாத அறையில் லேப்டாப்பை ஆன் செய்து, காற்று வெளியேறும் இடுக்கில் கை வையுங்கள். பல மாடல்களில் ஆன் ஆனதும் ஃபேன் சில நொடி சுற்றும். காற்றும் வருகிறது, எச்சரிக்கையும் வருகிறது என்றால் கோளாறு தகவல் ஒயரில். 'டிக் டிக்' என்று துடித்து நின்றுவிட்டால் கரன்ட் வருகிறது, ஆனால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது ஏதோ இறக்கையைத் தடுக்கிறது. ஒரு சத்தமும் இல்லாவிட்டால் ரீசெட் செய்து பாருங்கள். ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியதென்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். ஃபேனை இயக்கும் கன்ட்ரோலர் சிப் சில சமயம் அப்படியே நின்றுபோயிருக்கும், இதில் சரியாகிவிடும். பிறகு ஆன் செய்யும்போது எஸ்கேப் தட்டி எஃப்2 அழுத்தினால் எச்.பி.யின் சோதனைத் திரை வரும். அதில் ஃபேன் சோதனையை ஓட்டுங்கள்.

அப்போதும் தேறவில்லை என்றால்தான் அடிமூடியைத் திறக்க வேண்டும். வாரன்டி பாக்கியிருந்தால் திறக்காமல் கம்பெனி சர்வீஸுக்கே கொடுங்கள். ரப்பர் பாதங்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், பார்த்து எடுங்கள். எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் முடுக்கினால் மறுபக்கம் கீபோர்டு வரை குத்தும். மூடி திறந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் உள்ளே எதையும் தொடாதீர்கள்.

இறக்கையை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். நல்ல ஃபேன் சில சுற்று ஓடி மெல்ல நிற்கும். ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் பேரிங் போய்விட்டது. தாராளமாகச் சுற்றினால் ஃபேன் கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல், இரு பக்கமும் நகத்தால் நெம்பிக் கழற்றி, பின்களில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்து திரும்ப அழுத்தி மாட்டினாலே சரியாகிற கேஸ்கள் நிறைய.

கழற்றிய ஃபேனைத் தனியாகவும் ஓட்டிப் பார்க்கலாம். லேபிளில் டிசி 5வி என்று போட்டிருக்க வேண்டும், சிவப்பு, கறுப்பு ஒயர்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்படியிருந்தால் வேண்டாத யுஎஸ்பி ஒயர் ஒன்றை வெட்டி, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்து, சாதாரண போன் சார்ஜரில் சொருகுங்கள். மற்ற இரண்டு ஒயர்கள் சும்மா இருக்கட்டும். பெரும்பாலான ஃபேன்கள் முழு வேகத்தில் சுற்றும். சுற்றாவிட்டால் புது ஃபேன்தான். ஒயர் எல்லாமே கறுப்பாக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம், மாற்றிக் கொடுத்தால் ஃபேனே எரிந்துபோகும்.

ஃபேன் நன்றாக இருந்து, போர்டிலுள்ள கனெக்டரில் 5 வோல்ட் வராமல் இருந்தால்தான் போர்டு பக்கம் போக வேண்டும். அங்கேயும் முழு போர்டை மாற்றத் தேவையில்லை. ஃபேனுக்குப் போகும் வழியில் பல போர்டுகளில் கடுகளவு ஃப்யூஸ் ஒன்று இருக்கும். சிப் லெவல் வேலை தெரிந்தவர் மல்டிமீட்டரில் பார்த்து அதை மட்டும் மாற்றித் தருவார். அந்தக் கடையில் "கனெக்டரில் 5 வோல்ட் வருகிறதா, பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு கடைக்குப் போங்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் ஃபேன் சுற்றவே இல்லை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: அவசரப்பட வேண்டாம். மெயில் பார்ப்பது, டைப் செய்வது போன்ற வேலைகளில் சூடு குறைவு, அதனால் பல மாடல்களில் ஃபேன் நின்றே இருக்கும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரு பெரிய வீடியோவை எக்ஸ்போர்ட் செய்துகொண்டே பிராசசர் வெப்பநிலையைக் கவனியுங்கள். 70 டிகிரி தாண்டியும் காற்று வராவிட்டால் புகார் செய்யுங்கள். மேக்புக் ஏர் எம்1 போன்றவற்றில் ஃபேனே கிடையாது.

கேள்வி: வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். ஃபேன் அடிக்கடி நிற்கிறது. கனெக்டரைத் துடைத்து மாட்டினால் ஓடுகிறது, சில மாதத்தில் மறுபடி நிற்கிறது. ஏன்?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: உப்புக் காற்றுதான். கடல் காற்றில் வரும் உப்புத்துகள் போர்டில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கரையும். உங்கள் பகுதியில் அது விடியற்காலையில் சாதாரணம். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், பின்களையும் அரிக்கும். ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதால் உப்பு முதலில் சேருவதும் அதைச் சுற்றித்தான்.

துணியால் துடைத்தால் உப்பு போகாது. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பல் துலக்கும் பிரஷை நனைத்து, கனெக்டரின் இரு பக்கத்தையும் தேய்த்து, அரை மணி உலர விடுங்கள். சானிட்டைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். பச்சை பூத்து, கனெக்டர் பின்கள் மெலிந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, கனெக்டரை மாற்றிச் சால்டர் செய்யச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், சூடு ஆறிய பிறகு, லேப்டாப்பை சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பையில் மூடி வையுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் மேசை போடாதீர்கள்.

கேள்வி: 2024 டிசம்பர் தென்பெண்ணை வெள்ளத்தில் லேப்டாப் நனைந்தது. காயவைத்தபின் ஓடுகிறது, ஃபேன் மட்டும் இறுகி நிற்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாக நாளாக அது பிசினாகி, முன்பைவிட இறுக்கும். துரு நீக்கும் ஸ்பிரேயும் கூடாது, ஏற்கெனவே இருக்கும் எண்ணெயைக் கழுவிவிட்டு ஆவியாகிவிடும்.

தூசியால் இறுகிய ஃபேன் என்றால் இறக்கையை நேராக மேலே இழுத்து எடுத்து (பல ஃபேன்களில் காந்தப் பிடிப்புதான்), தண்டையும் குழியையும் ஆல்கஹாலில் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடலாம். அதுவும் புது ஃபேன் வரும்வரைதான் தாங்கும். உங்களுடையது வெள்ளத்தில் நனைந்தது. தண்டு துருப்பிடித்திருக்கும், ஃபேனுக்குள் இருக்கும் சிறு சர்க்யூட்டிலும் சேறு போயிருக்கும். ஃபேனை மாற்றிவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது பேட்டரி உப்பியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: புது ஃபேன் மாட்டியும் சூடு குறையவில்லை.
– வாசகர், வில்லியனூர்

பதில்: ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் பாருங்கள். அங்கே தூசி கம்பளிபோல் அடர்ந்து காற்றை மறித்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது, ஃபேனைக் கழற்றித்தான் உரித்தெடுக்க வேண்டும். புளோயர் அடித்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று பேரிங் கெடும்.

பிராசசர்மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட் சிங்கைக் கழற்றியிருந்தால், இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பசையான பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டு, பிராசசர்மேல் அரிசி மணி அளவு புது பேஸ்ட் வைத்து, ஸ்க்ரூக்களை அவற்றின் அருகில் போட்டிருக்கும் எண் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு மூலையை மட்டும் முதலில் இறுக்கினால் தகடு சாய்ந்து உட்காரும். ஃபேனும் அதே பார்ட் நம்பரா என்று லேபிளை ஒப்பிடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் மாடல் பெயரைச் சொல்லி வாங்கக் கூடாது. ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதமான ஃபேன்கள் வரும், கனெக்டரும் தடிமனும் வேறுபடும்.

கேள்வி: ஃபேன் வந்து சேர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை கூலிங் பேட் வைத்து ஓட்டலாமா?
– தட்டச்சு மையம் நடத்துபவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: டைப்பிங்குக்கு மட்டும் ஓட்டலாம். முதலில் முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். பிறகு விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' என்பதை 50 சதவீதமாகக் குறையுங்கள். பேட்டரியில் ஓடும்போதும் சார்ஜரில் ஓடும்போதும் இரண்டுக்கும் மாற்ற வேண்டும். சில புது மாடல்களில் இந்த இடமே தெரியாது, அவற்றில் 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' மோடைத் தேர்ந்தெடுங்கள். கூலிங் பேட் அடிமூடியைத்தான் குளிர்விக்கும், உள்ளே இருக்கும் ஃபேனின் வேலையை அது செய்யாது. அதனால் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 85 டிகிரி தொட்டால் சேவ் செய்து அணைத்துவிடுங்கள்.