மணலுக்குள் எத்தனை டிகிரி? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெயிலைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், தெளிவாக எழுதிய ஒருவரின் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெப்பநிலையைக் குறிப்பிடுபவர்கள் அதை எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு ஆழத்தில் அளந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். இம்முறையும் பாதிப் பேர் எழுதவில்லை.

ஓணானும் பாம்பும் குளிர் ரத்தப் பிராணிகள். வெயில் கூடினால் அவற்றுக்கு நல்லதுதானே? – கீழக்கரை வாசகர்

'குளிர் ரத்தம்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பாலை நிலத்துப் பல்லிகள் சிலவற்றின் உடல் 40 டிகிரியைத் தொடும். நம் உடலோ 37 டிகிரிதான். இவை தம் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்து பெறுகின்றன என்பதே வேறுபாடு. வெப்பம் ஏறும்போது இவற்றின் ஓட்டமும் செரிமானமும் வளர்ச்சியும் மெல்ல மெல்லக் கூடும். ஓர் உச்சத்தைத் தாண்டியதும் செங்குத்தாகச் சரியும். குளிர் நாட்டுப் பல்லிக்கு அந்த உச்சத்துக்கு இன்னும் இடைவெளி இருக்கிறது, ஆனால் நம் ஊர்ப் பல்லியோ ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. 10 டிகிரி ஏறினால் உடல் எரிக்கும் ஆற்றல் இரண்டு மடங்கு, சில இனங்களில் மூன்று மடங்கு ஆகும் என்பதால், அதே உயிர் வாழ அதிக இரையும் தேவைப்படும். இரை கூடவில்லை என்றால் வெயில் எப்படி நல்லதாகும்?

எங்கள் மணல்மேட்டில் விசிறித்தொண்டை ஓணான்கள் முன்பு நண்பகல் வரை திரியும். இப்போது பத்து மணிக்கே புதருக்குள் போய்விடுகின்றன. இது வெறும் பழக்கமா? – சாயல்குடி ஆசிரியர்

நேரத்தைக் குறித்து வைத்து எழுதியதற்கு நன்றி; இப்படிக் கவனிப்பவர்கள் குறைவு. இதைப் பழக்கம் என்பதைவிடக் கணக்கு என்று சொல்வேன். வெளியே நின்றால் உடல் தாங்கும் எல்லையைக் கடக்கும் என்ற நிலையில் ஓணான் நிழலுக்குப் போகிறது. அங்கே உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இரை கிடைப்பதில்லை. இப்படி ஒதுங்கியிருக்கும் மணிகள் நாள்தோறும் கூடினால், முட்டைக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பைப் பெண் ஓணானால் சேர்க்க முடியாது. வெயிலில் செத்துக் கிடக்கும் ஓணானைத் தேடினால் கிடைக்காது. முட்டை குறைவதால்தான் கூட்டம் அழிகிறது. மெக்சிகோவில் சுமார் 200 இடங்களை மீண்டும் ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 1975க்குப் பிறகு ஏறத்தாழ 12 விழுக்காடு இடங்களில் பல்லிக் கூட்டங்கள் மறைந்திருந்தன. இனப்பெருக்கக் காலத்தில் ஒதுங்கியிருக்க நேர்ந்த மணிகளே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன.

தென் தமிழ்நாட்டிலிருந்து 2016ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட விசிறித்தொண்டை ஓணான் ஒன்றுக்கு நம் திணைப் பெயர்களைச் சேர்த்து 'மருதம்நெய்தல்' என்றே அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள், மகிழ்வார்கள். மணல்மேட்டுப் புதர்களை வெட்டிச் 'சுத்தம்' செய்ய வேண்டாம் என்று ஊராரிடமும் சொல்லுங்கள். வெயிலும் நிழலும் அடுத்தடுத்து இருந்தால்தான் ஓணானால் தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்ய முடியும்.

கண்மாய் சீக்கிரம் வற்றுகிறது. இவ்வாண்டு தவளைக் குஞ்சுகள் மிகச் சிறியனவாக இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரை விடலாமா? – முதுகுளத்தூர் விவசாயி

நீர் குறைந்து நெரிசல் கூடும்போது தலைப்பிரட்டையின் உடலில் கார்டிகோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் கூடுகிறது. அது தைராய்டு ஹார்மோனோடு சேர்ந்து உருமாற்றத்தை விரைவுபடுத்துகிறது. அது வற்றும் நீரிலிருந்து தப்பிக்கும் வழி. ஆனால் விலை உண்டு. சிறிய தவளையில் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம் என்பதால் அது விரைவில் உலரும், கோடையைக் கடக்க வேண்டிய கொழுப்பும் அதனிடம் இருக்காது. மண்ணுக்குள் புதைந்து அடுத்த ஐப்பசி மழைக்காகக் காத்திருக்கும் இனங்களுக்கு இது இரட்டைச் சுமை. மண்ணின் சூடு கூடக்கூடச் சேமித்த கொழுப்பும் வேகமாகக் கரையும். இதனோடு, 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். தேவை கூடும் நேரத்தில் இருப்பு குறைகிறது.

ஆழ்துளை நீரை உப்பு பார்க்காமல் விடாதீர்கள். நம் பக்கத்தில் பல இடங்களில் அது உவர்நீர். தலைப்பிரட்டையின் செவுளும் தோலும் அதைத் தாங்காது. கண்மாயின் ஒரு மூலையில் ஆழமான பள்ளம் ஒன்றைத் தூர்க்காமல் விட்டுவைத்தால், நீர் சில வாரம் கூடுதலாக நிற்கும். அந்தச் சில வாரமே போதும்.

கடல் பாம்பு கடல்நீரைத்தானே குடிக்கிறது, மழை குறைந்தால் அதற்கு என்ன? – மண்டபம் வாசகர்

ஆராயப்பட்ட இனங்கள் தாகத்திலும் கடல்நீரைக் குடிப்பதில்லை. மழை பெய்யும்போது கடலின் மேல் தங்கும் நன்னீர்ப் படலத்தையே குடிக்கின்றன. நாக்குக்கு அடியில் உள்ள உப்புச் சுரப்பி உடலில் சேரும் உப்பை வெளியேற்றும். ஆனால் நீர்த் தேவையைத் தீர்க்கப் போதாது. நீண்ட வறட்சியில் அவை மெலிந்து வறண்டு போகின்றன. வலையில் சிக்கினால் கையால் தொடாதீர்கள். அவற்றின் நஞ்சு கடுமையானது.

எங்கள் ஆமை முட்டைப் பொரிப்பகத்தில் மணல் 42 டிகிரி காட்டுகிறது. குஞ்சுகள் எல்லாம் பெண் என்று செய்தியாளர்களிடம் சொல்லலாமா? – தனுஷ்கோடி பகுதித் தன்னார்வலர்

சொல்லக் கூடாது. எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு ஆழத்தில் அளந்தீர்கள்? நண்பகலில் மணலின் மேற்பரப்பு 50 டிகிரியையும் தாண்டும். ஆனால் முட்டைகள் ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கின்றன, அங்கே பகலுக்கும் இரவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. முட்டைக் குழிக்குள் 42 டிகிரி இருந்தால் ஒரு குஞ்சும் உயிரோடு வராது, ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது.

கடலாமைகளில் பாலினத்தைக் கூட்டின் வெப்பமே முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரியில் ஆணும் பெண்ணும் சமமாக வரும். இரண்டு டிகிரி ஏறினால் ஏறக்குறைய எல்லாம் பெண். 34, 35 டிகிரியில் நீண்ட நேரம் நின்றால் கரு அழியும். அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்குதான் பாலினத்தைத் தீர்மானிப்பது, அதாவது 50 நாளில் ஏறக்குறைய 17ஆம் நாள் முதல் 33ஆம் நாள் வரை. கடைசி நாட்களில் கருக்களே வெளியிடும் சூட்டால் கூடு இன்னும் ஓரிரு டிகிரி ஏறும். அது உயிர் பிழைப்பைப் பாதிக்குமே தவிர, பாலினத்தை மாற்றாது. குஞ்சை வெளியே பார்த்து ஆண், பெண் சொல்லவே முடியாது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் இளம் பேராமைகளில் (பச்சைக் கடலாமை) 99 விழுக்காட்டுக்கு மேல் பெண் என்று 2018ஆம் ஆண்டு தெரியவந்தபோது, அதைச் சொன்னவர்கள் மணலைத் தொட்டுப் பார்த்துச் சொல்லவில்லை. ஆமைகளைப் பிடித்து, ஹார்மோனையும் மரபணுவையும் ஆராய்ந்த பிறகே சொன்னார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. முட்டைகளை மாற்றும்போது சில கூடுகளின் நடுவில் பதிவு வெப்பமானியை வையுங்கள். தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே குடம் போன்ற வடிவில் குழி எடுங்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள். அதன்பின் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டத் தொடங்கும், முட்டையைப் புரட்டினால் இறந்துவிடும். தையில் இட்ட முட்டையும் பங்குனியில் இட்ட முட்டையும் ஒன்றல்ல. பங்குனியில் இட்டது சித்திரை வெயிலில் அடைகிடக்கிறது. ஆண் குஞ்சுகள் பெரும்பாலும் முன்பருவக் கூடுகளிலிருந்தே வரும் என்பதால், அவற்றை ஒன்றுகூட இழக்காதீர்கள். பின்பருவக் கூடுகளுக்குக் கீற்று நிழல் போடுங்கள், எல்லாவற்றுக்கும் அல்ல. எல்லாம் ஆணாகிவிட்டால் அதுவும் கேடுதான்.

இனி, நான் பல முறை எழுதியும் நிற்காத ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரை ஒன்றில் இரவு இரண்டு மணிக்கு மணலைவிட்டு வெளிவந்த குஞ்சுகளை, காலையில் வரவிருந்த விருந்தினர்கள் விடுவிக்க வேண்டும் என்பதற்காகப் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். விருந்தினர்கள் வந்தபோது பத்தரை மணி. அந்தக் குஞ்சுகள் எட்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தொட்டியின் சுவரில் மோதி மோதி நீந்தியிருந்தன. காய்ந்த மணலில் விட்டபோது பல குஞ்சுகள் நடுவழியிலேயே நின்றுவிட்டன. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வேதனை எனக்கு இன்றும் ஆறவில்லை. வெளிவந்த குஞ்சுக்கு முதல் ஒரு நாள் ஓயாமல் நீந்தும் வேகம் இருக்கிறது. கரையோர மீன்களிடமிருந்து அதைக் காப்பது அந்த வேகம்தான். வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கருவே அதற்கான எரிபொருள், அது ஒரு முறை மட்டுமே கிடைக்கும். சூடான கூட்டிலிருந்து வரும் குஞ்சுகள் ஏற்கெனவே அளவில் சிறியவை, மெதுவாக நகர்பவை. அவற்றைக் காக்கவைப்பது, வெயில் பாதி பறித்ததன் மீதியை நாமே பறிப்பதாகும். இரவில் வந்தால் இரவிலேயே விடுங்கள். புகைப்படம் வேண்டாம். எத்தனை குஞ்சு விட்டோம் என்ற எண்ணிக்கையை மட்டும் அறிவிக்காமல், வெளிவந்த நேரத்தையும் விட்ட நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.

ஆமைகள் பத்துக் கோடி ஆண்டாக வாழ்கின்றன. எத்தனையோ வெப்ப மாற்றத்தைக் கடந்தவை இதையும் கடக்காதா? – தொண்டி வாசகர்

கடந்தன, ஆனால் அப்போது மாற்றம் பல ஆயிரம் ஆண்டுகளில் நடந்தது. பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 15 ஆண்டு ஆகும். பேராமைக்கு 25, 30 ஆண்டுகூட ஆகும். ஒரு நூற்றாண்டில் ஏறும் வெப்பத்துக்கு அவற்றிடம் நான்கைந்து தலைமுறைதான் இருக்கிறது. பருவத்தை முன்தள்ளி முட்டையிடவும் குளிர்ந்த கரையைத் தேடவும் அவற்றால் ஓரளவு முடியும், ஆனால் அதற்குக் கரை இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு முக்கியக் காரணம். முன்னே கடல் ஏறிவர, பின்னே சாலையும் கல்சுவரும் நின்றால் ஆமை எங்கே போய் முட்டையிடும்?

முதலை முட்டைக்கும் இதே விதியா? – ஏர்வாடி, ஒன்பதாம் வகுப்பு மாணவி

நல்ல கேள்வி. விதி வேறு. சதுப்பு முதலையில் 31 டிகிரி வரை பெண் மட்டுமே, 32.5 டிகிரி அளவில் ஆண். அதற்கு மேலே மீண்டும் பெண்ணும் வரும். மாமல்லபுரம் அருகே உள்ள முதலைப் பண்ணையில் அடைவைத்துக் கண்டறிந்தது இது. நியூசிலாந்தில் வாழும், பல்லி போன்ற ஊர்வனவான துவாத்தாராவிலோ சூடு கூடினால் ஆண். ஆகவே 'வெப்பம் கூடினால் பெண்' என்று பொதுவாக எழுதிவிடாதே அம்மா.

இறந்த தவளைகளின் படம் அனுப்பியிருக்கிறேன். இது உலகெங்கும் பரவும் பூஞ்சை நோய்தானே? – தேவிபட்டினம் வாசகர்

ஊர் எந்தப் பகுதி, எந்த நாள், வயலா குளமா, எத்தனை தவளைகள் என்று எதுவும் இல்லாமல் மங்கலான ஒரு படத்தை அனுப்பினால் நான் என்ன சொல்வது? அந்தப் பூஞ்சை 17 முதல் 25 டிகிரி வரை செழிக்கும், 30ஐ நெருங்கினால் வாடும். ஆகவே நம் கடற்கரைக் கோடையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதுவல்ல. அருகில் பூச்சிக்கொல்லி தெளித்தார்களா என்று விசாரியுங்கள், நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, எங்கே, எப்போது என்பதோடு எழுதுங்கள்.

சித்திரையில் வீட்டுக்குள் பாம்பு அதிகம் வருகிறது. வெப்பத்தால் பாம்புகள் பெருகிவிட்டனவா? – கமுதி வாசகர்

பெருகவில்லை. வளை சூடாகும்போது குளியலறையும் தண்ணீர்ப் பானை அடியும் அவற்றுக்குக் குளிர்ச்சியான இடங்கள். நிலைக்கதவின் கீழ் இடைவெளியை அடையுங்கள், சுவரோரக் கல், விறகுக் குவியலை அகற்றுங்கள், பாம்பைக் கண்டால் அடிக்காமல் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். சுருட்டை விரியன் நிறைந்த பகுதி உங்களுடையது. இருட்டில் விளக்கில்லாமல் நடக்காதீர்கள்.