முகம் சிவந்து எரிகிறதா? முதலில் அந்தப் பெயரில்லாத டப்பாவைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: எனக்கு வயது 52. டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கன்னங்களும் மூக்கும் சிவந்து, சூடேறி, எரிகின்றன. சோப்புப் போட்டாலும் எரிச்சல், போடாவிட்டாலும் எரிச்சல். தெரிந்த ஓர் அழகு நிலையத்தில் சிறிய டப்பாவில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் முகம் தெளிந்தது. நான்கு மாதம் பூசிவிட்டு நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகிவிட்டது. இப்போது அதே இடத்தில், ஆறு முறை லேசர் செய்தால் நிரந்தரமாகப் போய்விடும், முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீடு பணம் தர மறுக்கிறது. மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். இது வயதினால் வருவதா? மிளகாயை விட்டுவிட வேண்டுமா?

பதில்: சகோதரி, மிளகாயைப் பற்றிக் கவலையோடு கேட்டிருக்கிறீர்கள், டப்பாவைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். உங்கள் முகம் இன்று எரிகிற எரிச்சலில் பெரும்பங்கு அந்த டப்பாவிலிருந்து வந்தது என்றே எண்ணுகிறேன்.

பெயரோ, உள்ளடக்கமோ, காலாவதித் தேதியோ இல்லாத ஒரு கிரீம் ஒரே வாரத்தில் சிவப்பையும் எரிச்சலையும் துடைத்தெடுத்தாற்போல் போக்கிவிட்டது என்றால், அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் தோல் மருத்துவர் எவரும் மேற்கொண்டு யோசிப்பார். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற வலுவான ஸ்டீராய்டுகள் தென்னாப்பிரிக்காவில் நான்காம் அட்டவணை மருந்துகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. முகத்தின் மெல்லிய தோலில் இவற்றைப் பூசியதும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சிவப்பு மறைகிறது, நிறம்கூடச் சற்று வெளுக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்பார்கள். மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, குழாய்கள் விரிந்து, மருந்தின் தயவில்லாமல் சுருங்க முடியாத நிலைக்கு வந்துவிடும். நிறுத்தினால் சில நாட்களிலிருந்து இரண்டொரு வாரத்துக்குள் சிவப்பும் பருக்களும் திரண்டு வரும். திரும்பப் பூசினால் அடங்கும். இந்த ஊஞ்சலில் ஆண்டுக்கணக்கில் ஆடிவிட்டு வருகிறவர்கள் என் அறையில் குறைவதே இல்லை.

அண்மையில் ஒருவர் அப்படியொரு டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். ஊறுகாய் மாதிரி கொடுக்கிற சின்னப் பிளாஸ்டிக் டப்பா. மூடியில் பேனாவால் ‘இரவு’ என்று மட்டும் எழுதியிருந்தது. திறந்தால் ரோஜா வாசனை. உள்ளே வெள்ளைக் கிரீமும் மஞ்சள் கலந்த இன்னொரு கிரீமும் சரியாகக் கலக்காமல் கோடுகோடாக நின்றன. இரண்டு மூன்று குழாய்களைப் பிதுக்கிக் கரண்டியால் கிளறி அடைத்தது என்பதைச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. இத்தகைய கலவைகளில் சில வேளை தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோனோ பாதரசமோகூட இருக்கும். அழகுசாதனங்களில் ஹைட்ரோகுவினோனைத் தென்னாப்பிரிக்கா 1990-களின் தொடக்கத்திலேயே தடை செய்துவிட்டது. உலகிலேயே முன்னோடியான சட்டம் என்று மாநாடுகளில் பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, டப்பா சந்தையில் இருக்கிறது. ஹைட்ரோகுவினோனை நீண்ட காலம் பூசியவர்களின் கன்னத்தில் படிகிற நீலங்கலந்த கருமை லேசருக்கும் எளிதில் அசையாது.

எனவே அந்தக் கிரீமைத் திரும்பத் தொடாதீர்கள். நிறுத்தியபின் முகம் மோசமானதற்குக் காரணம் கிரீம் இல்லாமற்போனது என்று அந்த நிலையத்தார் சொல்வார்கள்; அது பாதி உண்மை என்பதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். சில வாரங்கள், சிலருக்கு சில மாதங்கள், தோல் முரண்டு பிடிக்கும். அந்த இடைவெளியைத் தாண்டுவதற்கு மருத்துவர் மாத்திரையோ வேறு வகைப் பூச்சோ தருவார். நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்; இன்னும் நாள்தோறும் பூசிக்கொண்டிருக்கிற வாசகர்கள் ஒரே நாளில் தூக்கி எறிவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. படிப்படியாகக் குறைக்க நேரலாம். ஆனால் டப்பாவை எறிந்துவிடாதீர்கள், மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி, டப்பாவுக்கு முன்பே இருந்த சிவப்புக்கு வருவோம். நடுவயதில், கன்னம், மூக்கு, நெற்றி நடு, தாடை ஆகிய இடங்களில் மாறாமல் நிற்கும் சிவப்பு, அவ்வப்போது குப்பென்று ஏறும் சூடு, எதைப் பூசினாலும் எரிச்சல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ரோசேசியா என்ற நோய்தான் முதலில் நினைவுக்கு வரும். இது தொற்றாது, அழுக்கினால் வருவதும் இல்லை. தோலின் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் சூட்டுக்கும் வெயிலுக்கும் அளவுக்கு மீறித் துடிக்கின்றன. முகத்தில் எல்லாருக்கும் வாழ்கிற டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி இவர்களிடம் அதிகமாகப் பெருகி அழற்சியைத் தூண்டுகிறது. வேரோடு போகாத நோய், ஆனால் நன்றாக அடக்கி வைக்கக்கூடிய நோய்.

நம்மவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாவதற்கு ஒரு வருந்தத்தக்க காரணம் உண்டு. பாடப் புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் முகங்கள்; மாநிறத் தோலில் சிவப்பு தாமிரம் போலவோ பழுப்பாகவோ தெரியும், சில வேளை கண்ணுக்கே தெரியாது. சிவப்பையே காணோமே, எரிச்சல் மனக்கவலையால் வருவது என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஒரு கண்ணாடித் தம்ளரின் அடிப்பாகத்தைக் கன்னத்தில் மெதுவாக அழுத்தி, எடுத்தவுடன் பாருங்கள்: அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு நிறம் ஓடி வந்து நிரம்பினால், அங்கே குழாய்கள் விரிந்திருக்கின்றன என்பதை மருத்துவருக்கு நீங்களே காட்டலாம். சன்னல் வெளிச்சத்தில், சிவந்த நேரத்திலும் சிவக்காத நேரத்திலும், கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

வயதா என்று கேட்டீர்கள். மாதவிடாய் நின்றபின் வரும் சூட்டு அலை முகத்திலிருந்து கழுத்து, மார்பு வரை பரவி, வியர்வையோடு சில நிமிடங்களில் போய்விடும். இரவில் தூக்கத்தையும் கலைக்கும். ரோசேசியாவின் சிவப்பு போகாமல் தங்கிவிடும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம், ஒன்று மற்றதைக் கிளறுவதும் வழக்கம். அம்லோடிபினும் சிலருக்கு முகச் சிவப்பைத் தரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. வேறு மாத்திரைக்கு மாறலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். பக்கவாதத்தோடு ஒப்பிட்டால் சிவந்த கன்னம் சின்னத் துன்பம்.

இங்கே ஒரு விதிவிலக்கை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும், அவசரப்பட்ட பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் வரும் சிவப்பு, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் என்ற நோயாலும் வரலாம். அதில், மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் மடிப்பு பெரும்பாலும் சிவக்காமல் தப்பிவிடும்; சீழ்ப்பருக்கள் இருக்காது; வெயில் பட்ட மறுநாள் உடம்பே சோர்ந்துவிடும். காலையில் விரல் மூட்டுகள் விறைப்பது, வாய்க்குள் புண், கொத்தாக முடி உதிர்வது, காரணமில்லாக் காய்ச்சல், கால் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் கூடவே இருந்தால், அழகு நிலையத்தையும் என் பத்தியையும் மறந்துவிட்டு உங்கள் குடும்ப மருத்துவரிடம் போய் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீரைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், லூபஸ் சிறுநீரகத்தைச் சத்தமின்றித் தாக்கும் என்பதே. பெரும்பாலும் இளவயதில் தொடங்கும் நோய் என்றாலும் ஐம்பதுக்கு மேல் வராது என்று சொல்ல முடியாது. இன்னொரு பக்கமும் உண்டு: லூபஸுக்காகச் செய்யும் ஏஎன்ஏ என்ற இரத்தச் சோதனை நலமாக இருப்பவர்களுக்கும் இலேசாகப் பாசிட்டிவ் ஆவது உண்டு, அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு லூபஸ் என்று அழவும் வேண்டாம், இல்லை என்று மகிழவும் வேண்டாம். அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

மிளகாய்க்கு வருகிறேன். காரத்தில் உள்ள கேப்சைசின் சூட்டை உணர்கிற நரம்புகளையே தட்டுவதால் சிலருக்கு முகம் சிவக்கும், எல்லாருக்கும் அல்ல. டர்பனில் மசாலா இல்லாமல் குழம்பு வை என்று சொல்கிற மருத்துவரின் பேச்சை யாரும் இரண்டு வாரத்துக்கு மேல் கேட்பதில்லை. ஒரு நோட்டில் மூன்று வாரம் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், வெயிலில் எவ்வளவு நின்றீர்கள், எப்போது எரிந்தது. பலருக்குக் குற்றவாளி கொதிக்கக் கொதிக்கக் குடித்த தேநீராகவும் அடுப்பின் அனலாகவும் இருக்கக் காண்கிறேன். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கஞ்சி அண்டாவின் ஆவிமேல் குனிந்து நிற்கும் வேலையை இந்த ஆண்டு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, பரிமாறும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். தைப்பூசம் டர்பன் கோடையின் நடுவில் வருவது. குடை பிடிப்பதை அம்மன் குறையாக நினைக்க மாட்டாள், முருகனும் நினைக்க மாட்டான்.

முகத்துக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பொருட்களைக் குறைப்பதே முக்காலே மூன்று வீசம் வைத்தியம். வாசனையும் நுரையும் இல்லாத மென்மையான கழுவியை வெதுவெதுப்பான நீரோடு இருவேளை பயன்படுத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வாசனையற்ற மாய்ஸ்சரைசர் ஒன்று. காலையில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், அதுவும் துத்தநாக ஆக்சைடு உள்ளது. நிறம் கலந்த வகையில் இருக்கும் இரும்பு ஆக்சைடு நமக்கு வரும் கரும்படலத்தையும் தடுக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்குங்கள். கடலைப்பருப்பு அளவு பூசினால் பூசாததற்குச் சமம். எலுமிச்சை, வினிகர், சமையல் சோடா, பழத்தோல், ஸ்கிரப், டோனர் ஆகிய அனைத்தும் வெளியே. பூசு மஞ்சளும் சில மாதங்களுக்கு வேண்டாம். புதிதாக எதை வாங்கினாலும் ஒரு வாரம் காதுக்குக் கீழே கழுத்தோரத்தில் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்கு.

மருந்துகளில், மருத்துவர் சீட்டோடு மெட்ரோனிடசோல் 0.75 சதவீத ஜெல், அசெலைக் அமிலம், ஐவர்மெக்டின் 1 சதவீத கிரீம் ஆகியவற்றில் ஒன்று கிடைக்கும். பருக்கள் விட்டுச்செல்லும் கறையையும் அசெலைக் அமிலம் மங்கச் செய்வதால் மாநிறத்தவருக்கு நான் அதை விரும்புகிறேன், தொடக்கத்தில் சற்று அரிக்கும் என்றாலும். பருக்கள் நிறைய இருந்தால் சில மாதங்களுக்குக் குறைந்த அளவு டாக்ஸிசைக்ளின்; முழுத் தம்ளர் நீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். எதுவாயினும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுங்கள். ஒரே வாரத்தில் பலிக்கிற கிரீம் எது என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

லேசருக்கு முன்பணம் கட்டாதீர்கள். நிரந்தரம் என்ற சொல்லைச் சொன்னவரிடம் எதுவும் கட்டாதீர்கள். விரிந்த குழாய்க் கோடுகளுக்கு லேசர் பயன்படுவது உண்மைதான். ஆனால் அந்த ஒளியை இரத்தத்தைப் போலவே தோலின் கருமையும் உறிஞ்சும். அழகு நிலையங்களில் லேசர் என்ற பெயரில் பெரும்பாலும் இருப்பது ஐபிஎல் என்ற பல அலைநீள ஒளிக்கருவி. பழகாத கையில் அது நம் தோலைச் சுட்டு, மாதக்கணக்கில் மறையாத சதுரத் தழும்புகளை விட்டுப் போகும். ஸ்டீராய்டால் மெலிந்து கொந்தளிக்கிற முகத்தில் இப்போது எந்த ஒளியும் வேண்டாம். பின்னொரு நாள் செய்வதாக இருந்தால், கருவி என்ன, அலைநீளம் என்ன, பிடிக்கிறவர் யார், காதோரம் ஒரு புள்ளியில் சோதித்துக் காட்டுவாரா என்று கேளுங்கள். 1064 நானோமீட்டர் என்டி-யாக் என்ற லேசர் கருமையான தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. மருத்துவர் என்று சொல்கிறவரின் பதிவு எண் ‘எம்பி’ (MP) என்று தொடங்கும். சுகாதாரத் தொழில்வல்லுநர் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

மெடிக்கல் எய்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் என் இரத்த அழுத்தம் ஏறும். கட்டாயமாகப் பணம் தர வேண்டிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் லூபஸ் இருக்கிறது, ரோசேசியா இல்லை. ஆகவே அது உங்கள் மெடிக்கல் எய்டின் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும். கணக்கு தீர்ந்தால் கையிலிருந்து. தினம் முகம் எரிந்துகொண்டு பள்ளிக்கும் கடைக்கும் போகிறவரின் துன்பத்தை அலங்காரம் என்ற தலைப்பில் தள்ளிவிடுவது எந்த அளவுகோலோ எனக்கு விளங்கவில்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: பில்லில் நோய்க் குறியீடு எல் 71.9 என்று இருக்கிறதா பாருங்கள். குறியீடு தவறினால் கோரிக்கை படிக்கப்படாமலே திரும்பும். சரியாக இருந்தும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தோல் மருத்துவரின் தேதி கிடைக்க மாதங்கள் ஆகுமானால் காத்திருக்காதீர்கள். மேற்சொன்ன ஜெல்லைக் குடும்ப மருத்துவரே எழுதித் தரலாம்.

கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தல், இமையோரம் சிவப்பு, அடிக்கடி கட்டி வருதல் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ரோசேசியா கண்ணையும் பிடிக்கும்; வலியோ பார்வை மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம். மருத்துவரைப் பார்க்கப் போகிற நாளில் முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள். கைப்பையில் படங்கள், நோட்டு, மாத்திரைப் பட்டியல், அந்த டப்பா.