மேடைத் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் பண்ணா நடிக்கிறவங்களுக்கு சம்பளம் வருமா?

கேள்வி: தியேட்டர்ல லைட், செட் வேலை பாக்குறவங்க ஸ்ட்ரைக் பண்ணா மேடைல நடிக்கிறவங்க, ஆடுறவங்களுக்கு என்ன ஆகும்? சம்பளம் உண்டா?

கிடையாது. அவசரத்துல இருக்கவங்க இதோட கிளம்பலாம்.

நீங்க கேட்டிருக்க விதத்த பாத்தா உங்க வீட்டுல யாரோ இந்த லைன்ல இருக்காங்க, இல்ல இறங்கப் போறாங்கன்னு தோணுது, தப்புன்னா மன்னிச்சுக்கோங்க. நான் பொதுவா இங்க படிச்சிட்டு போற ஆளு. இதுக்கு ஒருத்தர் "ஆர்ட்டிஸ்ட்டுக்கு என்னங்க, ஜாலியா லீவு"ன்னு பதில் போட்டிருந்தார், அத பாத்ததுல இருந்து சோறு எறங்கல.

2007, நியூயார்க், பிராட்வே, அதாவது அந்த ஊர் பெரிய நாடக தியேட்டர்ங்க இருக்க ஏரியா. நான் அப்ப ஒரு மியூசிக்கல்ல, பாட்டு டான்ஸோட வர்ற நாடகத்துல, ஸ்விங். ஸ்விங்னா பெரிய ஆள்னு நெனச்சுடாதீங்க. குரூப்ல ஆடுற ஆறு பொண்ணுங்களோட ஸ்டெப், பாட்டு, யார் எந்தப் பக்கம் நுழையணும், எந்த வரில டிரெஸ் மாத்த ஓடணும் எல்லாத்தையும் நெட்டுரு போட்டு வெச்சுக்கிட்டு, யாருக்காவது காய்ச்சல்னா அன்னிக்கு அவங்களா மேடை ஏறணும், யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னா உள்ள ஒரு ரூம்ல உக்காந்திருக்கணும். அங்க யார் எங்க நிக்கணும்னு தெரிய மேடை விளிம்புல வரிசையா நம்பர் இருக்கும், நடுவுல பூஜ்யம், ரெண்டு பக்கமும் 2, 4, 6ன்னு போகும், எனக்கு அந்த ஆறு பேரும் ஆறு நம்பர் வரிசைதான். பதினொரு வருஷம் மயிலாப்பூர்ல அரைமண்டி உக்காந்தவ கடைசில நம்பர் மேல நிக்கிறத தொழிலா பண்ணேன்னு எங்கம்மா சொல்லுவாங்க.

அதுவும் பர்மனன்ட் இல்ல. கால்ல அடிபட்டு லீவுல இருந்த ஒரு பொண்ணுக்கு பதிலா, செப்டம்பர் 24லேந்து டிசம்பர் 23 வரைக்கும், மொத்தம் 13 வாரம். இந்த 13ல ஒரு விஷயம் இருக்கு. அங்க நடிகர்களுக்கு ஆக்டர்ஸ் ஈக்விட்டின்னு யூனியன். அப்ப இருந்த கணக்குப்படி ஒரு வருஷத்துல 12 வாரம் வேலை பாத்திருந்தா ஆறு மாசத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ், 20 வாரம்னா முழு வருஷத்துக்கு. ஒரு வாரம் குறைஞ்சாலும் கிடையாது. சம்பளம் வாரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு டாலர் பக்கம். இதுக்கு கீழ யாராவது வந்து அப்ப இருந்த டாலர் ரேட் 40ஆல பெருக்கிப் பாத்து "அம்மாடி"ன்னு எழுதுவீங்க, அப்படியே அந்த ஊர் வாடகையையும் 40ஆல பெருக்கிடுங்க. எனக்கு காசு ரெண்டாம்பட்சம்தான், அந்த இன்ஷூரன்ஸ்தான் குறி. ஆடுறவளுக்கு முட்டி போச்சுன்னா என்ன செலவாகும்னு அமெரிக்கால இருக்கவங்களுக்கு தெரியும்.

நவம்பர் 10, சனிக்கிழமை காலைல ஸ்ட்ரைக். "லோக்கல் ஒன்"ங்கிறது அவங்க யூனியன் பேரு, செட் தூக்குறவங்க, லைட், சவுண்டு, செட்ட மேல ஏத்தி எறக்குற கயிறு இழுக்குறவங்க எல்லாருக்குமான சங்கம், 121 வருஷத்துல பிராட்வேல அவங்க பண்ண முதல் ஸ்ட்ரைக் அது. புது ஷோவுக்கு செட் ஏத்துறப்ப எத்தன பேர் வேணும், எத்தன நாளைக்கு வேணும்ங்கறதுல சண்டை. சும்மா நிக்கிறவனுக்கு ஏன் கூலின்னு தயாரிப்பாளர்கள், ஆள குறைச்சா வேலையும் போகும் பாதுகாப்பும் போகும்னு இவங்க. கான்ட்ராக்ட் ஜூலைலயே முடிஞ்சு இழுத்துக்கிட்டே இருந்துச்சு. அன்னிக்கு காலை 11 மணிக்கு செயின்ட் ஜேம்ஸ் தியேட்டர்ல குழந்தைங்களுக்கான ஒரு கிறிஸ்துமஸ் ஷோ, முதல்ல நின்னது அதுதான். நான் மத்தியானம் ஷோவுக்கு பையோட போறேன், ஸ்டேஜ் டோர் வாசல்ல நேத்து ராத்திரி எனக்கு குட்நைட் சொன்ன ஆளுங்க அட்டை மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஈக்விட்டி அவங்களுக்கு ஆதரவு, அதனால நாங்க தாண்டிப் போகல. இருபத்தி சொச்சம் ஷோ நின்னுச்சு, வேற கான்ட்ராக்ட்ல இருந்த சில ஷோ மட்டும் ஓடுச்சு.

நடிகர்களுக்கு இதுல என்ன கஷ்டம்னா இது உங்க ஸ்ட்ரைக் இல்ல. பேச்சுவார்த்தைல உங்களுக்கு நாற்காலி கிடையாது, ஜெயிச்சாலும் உங்களுக்கு ஒண்ணும் ஏறாது, ஆனா சம்பளம் மட்டும் அன்னிலேந்தே கட். இன்னிக்கு முடியுமா நாளைக்கு முடியுமான்னு தெரியாததால ஊருக்கும் போக முடியாது, வேற வேலையும் புடிக்க முடியாது. டிவில சின்ன ரோல் கிடைக்குமான்னு பாத்தா அங்க நவம்பர் 5லேந்தே எழுத்தாளர்கள் ஸ்ட்ரைக். ரெண்டு கதவும் ஒரே வாரத்துல மூடுச்சு. நான் நியூயார்க்லயே ஃப்ளஷிங்ல இருக்க புள்ளையார் கோவில் கேன்டீன்ல ஒரு தோசைய மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும்னு வெச்சு ஓட்டினேன். அழுகைக்காக சொல்லல, தோசை நல்லாவே இருக்கும்.

ஒரு வாரம் கழிச்சு கோவத்தோடதான் தியேட்டர் பக்கம் போனேன். எங்க ஷோல மேல கயிறு பாக்குற பெரியவர் ஒருத்தர், அறுவது இருக்கும், கையுறைய கழட்டிட்டு காப்பி கப்ப ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு நின்னார். நான் வாய தொறக்கறதுக்குள்ள அவர் கேட்டது, "உனக்கு எத்தன வாரம் ஆச்சு?" ஏழுன்னேன். அவர் கணக்கு போட்டுட்டு ஒண்ணும் பேசல. அப்புறம் ஒரு துண்டுச்சீட்டுல போன் நம்பர் எழுதிக் குடுத்தார். அவங்க சங்கம் ஸ்ட்ரைக்குக்குன்னு சேத்து வெச்சதுல பத்து லட்சம் டாலர மத்த சங்கத்துல பாதிக்கப்படுறவங்களுக்குன்னு தனியா ஒதுக்கியிருந்தாங்க. எனக்கு பாதி வாடகைக்கு ஆச்சு. நான் திட்டப் போன திட்டு அப்படியே தொண்டைலயே நின்னுருச்சு.

இதுக்கு நடுவுல நம்மாளுங்க கதை. கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனா சொல்லியே ஆகணும். ஒரு தமிழ்ச் சங்கத்துலேந்து போன், பேரு வேண்டாம். "இப்ப ஸ்ட்ரைக்காமே, சும்மாதானே இருக்கீங்க, நம்ம தீபாவளி ஃபங்ஷனுக்கு ஒரு நாப்பது நிமிஷம் ஆடிடுங்களேன்." எவ்ளோ தருவீங்கன்னு கேட்டதுக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு அமைதி, ஏதோ கெட்ட வார்த்தை பேசிட்ட மாதிரி. அப்புறம் "நம்ம கம்யூனிட்டி, பாத்து செய்யுங்க மேடம்". நானும் போனேன், மறுக்கத் தெரியல. ஹால் வாடகை, கேட்டரிங், சவுண்டு சிஸ்டம் எல்லாத்துக்கும் செக் எழுதுனாங்க, எனக்கு ஒரு பித்தளை குத்துவிளக்கு, அதுல என் பேரு தப்பு. ரயில்ல மடில வெச்சுக்கிட்டு வந்தேன். எல்லா சங்கமும் இப்படின்னு சொல்லல, கமென்ட்ல கம்ப எடுத்துட்டு வராதீங்க.

ஸ்ட்ரைக் 19 நாள். 28ம் தேதி ராத்திரி முடிஞ்சு மறுநாள் ஷோ. நடுவுல தேங்க்ஸ்கிவிங் வாரம் வேற போச்சு, அங்க நம்மூர் பொங்கல் ரிலீஸ் மாதிரி கூட்டம் வர்ற வாரம் அது. அந்தக் குழந்தைங்க ஷோ மட்டும் கோர்ட் ஆர்டர்ல 23ம் தேதி ஆரம்பிச்சிட்டாங்க.

என் கணக்கு என்னாச்சுன்னா, முழுசா ரெண்டு வாரம் போச்சு. அடிபட்ட பொண்ணு சொன்ன தேதிக்கு திரும்பி வந்துட்டா, அவ மேல என்ன தப்பு. 11 வாரம். இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல கேட்டேன், ரூல் ரூல்தான்னுட்டாங்க. ஜனவரில ஒரு ஆடிஷன்ல முட்டி திரும்புச்சு, அங்க டாக்டர பாக்காம ஐஸ் வெச்சு கட்டிக்கிட்டு மார்ச்ல சென்னைக்கு டிக்கெட் போட்டேன். பிசியோ நாலு மாசம். அதுக்கப்புறம் நான் பிராட்வேல ஆடல.

எடிட்: "அவ்ளோ கஷ்டம்னா அவங்கள தாண்டி உள்ள போயிருக்கலாமே, யூனியன் மூளைச்சலவை"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சார், நான் இப்ப எந்த யூனியன் ஆளும் இல்ல, அடையாறுல கிளாஸ் எடுக்குறேன். 2003 மார்ச்ல மியூசிஷியன்ஸ் ஸ்ட்ரைக் பண்ணப்ப, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு பதிலா கம்ப்யூட்டர வெச்சு ஷோ ஓட்டலாம்னு தயாரிப்பாளர்கள் ரெடியா இருந்தாங்க, அப்ப நடிகர்களும் சரி இந்த செட் ஆளுங்களும் சரி உள்ள போகல, நாலு நாள்ல முடிஞ்சுது. அந்த பழக்கம் ஒண்ணு. இன்னொண்ணு, எங்க ஷோல ரெண்டாவது பாட்டுல இருட்டுல நான் 8ம் நம்பர்ல நிக்கணும், அந்த நேரத்துல மேல இருந்து ஒரு முழு வீட்டு முகப்பு எறங்கும், என் முதுகுக்கும் அதுக்கும் ஒரு முழம். அந்தக் கயிறு அந்த பெரியவர் கைல இருந்துச்சு. புதுசா ஒருத்தன கூட்டிட்டு வந்து இழுக்க விட்டா நீங்க போய் 8ல நிப்பீங்களா?