செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளலாமா? வாசகர் கேள்விகளுக்குச் சட்டப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திருட்டு வழக்குகள். கைதான தேதி, நேரம், காவல் நிலையம், குற்ற எண் இல்லாமல் எழுதாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். மறுபடியும் சொல்கிறேன்.

கே: தம்பியை விசாரணைக்கு என்று கூட்டிப்போய் இரண்டு நாளாக விடவில்லை. கைது செய்யவில்லை என்கிறார்கள். (குறிஞ்சிப்பாடி)

வெளியே போக விடாமல் உட்கார வைத்தால் அது கைதுதான். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்ட்டும் போடுங்கள். எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள், யார் பார்த்தது என்று அதில் எழுதுங்கள். அப்படியும் விடவில்லை என்றால், ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் போடுங்கள். 1993-ல் நம் கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் காவல் நிலையத்தில், திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துப்போன ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்று போலீஸ் சொன்ன கதை உடைந்தது அவர் மனைவி போட்ட ஆட்கொணர்வு மனுவால்தான். காத்திருக்காதீர்கள்.

கே: அடி தாங்காமல் போலீஸிடம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். தண்டனை உறுதியா? (பாகூர்)

இல்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. அதைத் தொடர்ந்து ஒரு பொருளைக் கைப்பற்றியிருந்தால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் சாட்சியமாக உள்ளே வரும். ஆகவே உங்கள் வக்கீல் பார்க்க வேண்டியது மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியதாகப் போலீஸ் சாட்சிகள் முன் எழுதும் பத்திரத்தை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் எந்த ஊர், ஏற்கெனவே எத்தனை வழக்கில் சாட்சி, நகையின் எடை புகாரில் ஒன்றும் மகஜரில் ஒன்றுமாக இருக்கிறதா என்று துருவ வேண்டும். அடித்ததை, காவலில் வைக்க உத்தரவிடும் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.

கே: எங்கள் ஊர் இருளர் குடியிருப்புப் பையன் ஒருவன் பம்ப்செட் காப்பர் ஒயர் திருட்டு வழக்கில் 40 நாளாக உள்ளே இருக்கிறான். 'ஒப்புக்கொண்டால் இருந்த நாளே தண்டனை, உடனே வீட்டுக்குப் போகலாம்' என்கிறார்கள். செய்யவில்லை என்று அழுகிறான். ஒப்புக்கொள்ளச் சொல்லலாமா? (கிள்ளை)

கூடவே கூடாது. இதைப் பற்றி எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

கோர்ட்டில் நடப்பது இதுதான். பெயரைக் கூப்பிடுவார்கள். பையன் கூண்டில் ஏறிக் கைகட்டி நிற்பான். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?' என்று கேட்பார்கள். வெளியே சொல்லிக்கொடுத்தபடி 'ஆமாங்க ஐயா' என்பான். இரண்டு நிமிஷம். சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவன் தண்டிக்கப்பட்ட திருடன்.

வீட்டுக்குப் போவான், சரி. அப்புறம்? தானே ஒப்புக்கொண்ட தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போக முடியாது. தண்டனையின் அளவு, சட்டப்படி சரியா என்று மட்டும்தான் கேட்கலாம். திருட்டுக்கு முதல் தடவை மூன்று வருஷம் வரைதான். இரண்டாவது தடவை பி.என்.எஸ். (பழைய இ.பி.கோ.வின் இடத்தில் வந்த தண்டனைச் சட்டம்) 303-ன்படி குறைந்தது ஒரு வருஷம் கடுங்காவல், ஐந்து வரை போகலாம். முதல் முறை சிக்கியவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகக் கழித்தாலே வெளியே விட வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம்) 479. அந்தச் சலுகையும் போச்சு. அடுத்து சுற்றுவட்டத்தில் எங்கே ஒயர் அறுந்தாலும் ஜீப் நேராக இவன் குடிசைக்குத்தான் வரும். 'பழைய குற்றவாளி' என்பதற்கு இப்போது கோர்ட் முத்திரையே இருக்கிறதே.

பிறப்பை வைத்துத் திருடன் என்று எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்தது. 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். குறவர்கள் உட்பட எத்தனையோ பேர் ரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1947-ல் இங்கே ஒழித்தார்கள், 1948-லேயே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளியாகப் பார்க்கும் சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே 2024 அக்டோபரில்தான். சட்டம் போன பிறகும் அந்தப் பார்வை போகவில்லை. செய்யாததை ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு பையனும் அந்தப் பார்வைக்கு ஆதாரமாகிவிடுகிறான்.

செய்ய வேண்டியது: ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணுங்கள். 60 நாள் முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் மறுநாள் காலையிலேயே ஜாமீன் மனு போட வேண்டும், அது அவன் உரிமை. ஒரு நாள் அசந்தால் குற்றப்பத்திரிகை வந்துவிடும். வக்கீலுக்குக் காசு இல்லையா? இலவச சட்ட உதவி எண் 15100-க்கு போன் அடியுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வெத்துப் பேப்பரில் கையெழுத்து வேண்டாம், ரேகையும் வேண்டாம்.

கே: நிறவெறியால் நிரபராதிகளைத் தண்டிப்பது அமெரிக்கப் பிரச்சினை. இங்கே கோர்ட் சாதி பார்ப்பதில்லையே? (லாஸ்பேட்டை)

அங்கே கறுப்பினத்தவர் மக்கள்தொகையில் சுமார் 14 சதவீதம். 1989-க்குப் பிறகு நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். இதைக் கணக்கு வைத்திருப்பதால் நமக்குத் தெரிகிறது. இங்கே அப்படி ஒரு கணக்கேடே கிடையாது. அதை வைத்து இங்கே நடக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

மகாராஷ்டிராவின் ஜால்னா மாவட்டத்தில் 2003-ல் ஒரு கொலை வழக்கு. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேரைப் பிடித்தார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்றது. பத்து வருஷம் கழித்து, 2019-ல், அதே நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. உயிர் தப்பிய பெண் போலீஸ் ஆல்பத்தில் வேறு நான்கு பேரின் போட்டோவைக் காட்டியிருந்தார், அந்தப் பக்கம் விசாரணை போகவே இல்லை. ஆறு பேரில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவர். ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். சாதி எங்கே வந்தது என்று இனியும் கேட்பீர்களா?

கே: வீட்டில் ஐந்து பவுன் காணோம். வேலைக்கு வரும் அம்மா மேல் சந்தேகம். அவர்கள் 'அந்த' ஜாதி. பெயரைக் கொடுக்கலாமா? (முதலியார்பேட்டை)

எடுத்ததைப் பார்த்தீர்களா? இல்லை. பிறகு சாதியை எதற்கு எழுதினீர்கள்? நகை காணோம் என்று புகார் கொடுங்கள், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேல் பொய்த் தகவல் கொடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம்.

கே: ஆறு வருஷம் உள்ளே இருந்து விடுதலையானேன். நஷ்டஈடு எவ்வளவு? (பண்ருட்டி)

தீர்ப்பு நகலை அனுப்பாமல் தொகை கேட்கிறீர்கள். இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-ல் தன் 277-வது அறிக்கையில் சொல்லியும் வரவில்லை. காரணமில்லாமல் ஒருவரைப் பிடிக்க வைத்தால் மாஜிஸ்திரேட் வாங்கித் தரக்கூடிய தொகை இன்றும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது. அடிப்படை உரிமை பறிபோனது என்று உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுதான் வழி. விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் 14 வருஷம் பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983-ல் கிடைத்தது 35,000. விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018-ல் 50 லட்சம். அளவுகோலே இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. நகலை அனுப்புங்கள், பார்க்கலாம்.

கே: ஸ்டேஷன் கேமராப் பதிவைக் கேட்டு வாங்க முடியுமா? (நெய்வேலி)

முடியும். உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்புப்படி 18 மாதம், எப்படியும் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் பதிவு இருக்க வேண்டும். அழிக்காமல் வைக்கச் சொல்லி முதல் வாரத்திலேயே கோர்ட்டில் மனு போடுங்கள்.

கே: அடையாள அணிவகுப்புக்கு முன்பே என் அண்ணன் போட்டோ வாட்ஸப்பில் சுற்றியது. (வில்லியனூர்)

அந்தப் பதிவைத் தேதியோடு எடுத்துவைத்து இன்றே வக்கீலிடம் கொடுங்கள். பலரோடு நிறுத்திச் சாட்சியை ஆளை அடையாளம் காட்டச் சொல்வதுதான் அணிவகுப்பு; முகத்தை முன்பே காட்டிவிட்டால் அதற்கு மதிப்பில்லை.