பிளெண்டரில் செய்த வானவில் ஏன் ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையை பிளெண்டர் என்ற முப்பரிமாண (3D) மென்பொருளில் செய்கிறேன். சூரிய உதயம், கடலுக்கு மேல் முழு வானவில். நிறத்தை எவ்வளவு மாற்றினாலும் ஒட்டி வைத்தது போலவே தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நிறத்தை விடுங்கள், முதலில் சூரியனைப் பாருங்கள். நானும் திருகோணமலைதான். உப்புவெளியில் சூரியன் கடலில் இருந்து எழும்பும்போது வில் ஊர்ப் பக்கம் விழுமே தவிரக் கடலில் விழாது. வில்லின் மையம் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே, கமராவின் நிழல் விழும் திசையில் இருக்கும். காலைக் காட்சிதான் வேண்டுமென்றால் கமராவை உள்துறைமுகப் பக்கம் கொண்டுபோங்கள். கடல்தான் வேண்டுமென்றால் பின்னேரம் ஆக்குங்கள்.

பின்னேரத்திலும் நேரம் முக்கியம். தரையில் நிற்பவருக்கு வில் தெரிய சூரியன் அடிவானத்திலிருந்து 42 பாகை உயரத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மாரிகாலத்தில், டிசெம்பரில், நம்ம ஊரில் உச்சிச் சூரியன் 58 பாகை அளவில் நிற்கும். இரண்டரை மணிக்குப் பிறகுதான் வில்லுக்கு வழி. அந்த மாதம் சூரியன் தெற்கே சாய்ந்து மறைவதால் வில்லின் நடு நேர்கிழக்கில் இராது, வடக்கே தள்ளி இருக்கும். இந்த மாதிரிச் சின்ன விஷயத்தைத்தான் ஊர்க்காரர் கண் உடனே பிடிக்கும்.

அடுத்தது லென்ஸ். வில்லின் முழு அகலம் 84 பாகை. பிளெண்டர் தானாகத் தரும் 50 மி.மீ. லென்ஸ் 40 பாகைக்கும் சற்றுக் குறைவாகவே பார்க்கும். அதற்குள் முழு வளைவும் அடங்கினால் அது பொம்மைதான். 18 மி.மீ. வைத்தால் 90 பாகை கிடைக்கும். இல்லையென்றால் வில் கீழே இறங்கும் ஒரு முனை மட்டும் தெரியட்டும். எனக்கு அதுதான் எப்போதும் நன்றாகப் படும்.

மழைத்துளிகளைக் கண்ணாடிக் குண்டாகச் செய்து வில் வரவழைக்கலாம் என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டாம். பிளெண்டரில் படத்தைக் கணக்கிட்டு வரையும் சைக்கிள்ஸ் ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகத்தான் கணக்கிடும். அலைநீளம் அலைநீளமாகப் பிரிக்காது. போவ்-ரே என்ற பழைய முப்பரிமாண மென்பொருளில் வானவில்லுக்கென்றே கட்டளை இருந்தது, அதுவும் கோணத்தைக் கேட்டு நிறம் பூசுவதுதான். பிளெண்டரில் நாமே செய்துகொள்ளலாம். தனிக் காட்சி ஒன்றில் அதே கமராவை வையுங்கள். வானப் பின்னணியை அமைக்கும் வேர்ல்ட் நோடில் பார்வைத் திசைக்கும் சூரிய ஒளி போகும் திசைக்கும் டொட் புரொடக்ட் (இடைக் கோணத்தின் கொசைன்) எடுத்து, ஆர்க்கொசைன் போட்டுப் பாகையாக்கி, அதை 0 முதல் 1 வரையான அளவுக்குச் சுருக்கி, எண்ணை நிறமாக மாற்றும் கலர் ராம்ப்புக்குக் கொடுங்கள். 40½ பாகையில் ஊதா, 42½ பாகையில் சிவப்பு. இரண்டாம் வில் 50 முதல் 53½ வரை, நிறவரிசை தலைகீழ், வெளிச்சம் பாதிக்கும் குறைவு. நிறங்களுக்கு இடையில் கோடு விழக் கூடாது. சூரியனே அரைப் பாகை அகலம் என்பதால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துதான் வரும்.

பலர் விட்டுவிடுவது இதற்குப் பிறகு. முதல் வில்லுக்கு உள்ளே வானம் வெளியே இருப்பதைவிட வெளிச்சமாக இருக்கும். துளிகள் அந்தப் பக்கமும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. இரண்டு வில்லுக்கும் நடுவே இருட்டுப் பட்டை. ஆகவே ராம்ப்பில் 40 பாகைக்குள்ளே கறுப்பை வைக்காமல் மங்கலான வெள்ளையை வையுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே ஸ்டிக்கர் தன்மை பாதி போய்விடும்.

கடைசியில், படங்களை ஒன்றுசேர்க்கும் கம்போசிட்டரில் வில்லைக் காட்சியோடு ‘அட்’ முறையில் சேருங்கள், ‘மிக்ஸ்’ வேண்டாம். வில் ஒளியைக் கூட்டுமே தவிரப் பின்னால் உள்ளதை மறைக்காது. மழை இருக்கும் இடத்துக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள், வில் இடையில் அறுந்து தெரிந்தால் நல்லதே. மழை கோணேசர் கோயில் பாறைக்கு முன்னால் பெய்தால் வில்லும் பாறைக்கு முன்னால்தான் தெரிய வேண்டும். கமராவைப் பாறை உச்சியில் வைத்திருந்தால், கீழே கடலோடு பெய்யும் மழையில் வில் அடிவானத்துக்குக் கீழேயும் இறங்கும், அதை வெட்டிவிடாதீர்கள்.